தேவிப்பிரியா படித்த ‘நாங்கள்’

புருஷன் செத்து முப்பத்தொன்றாம் நாள் தேவிப்பிரியா மறுபடி வேலைக்குப் போனாள். பிள்ளைச்சாவடியில் பஸ் ஏறி, நடுவில் ஒரு ஷேர் ஆட்டோ மாறி, உழவர்கரையில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். வெளிநாட்டு ஓட்டல்களில் ரூம் பதிவு செய்கிறவர்களின் குறைகளைப் போனில் கேட்டுத் தீர்க்கிற கம்பெனி அது. மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தாலும் அவளை கான்வென்ட்டில் போட்டுத்தான் படிக்க வைத்திருந்தார்கள். அவள் வேலை செய்த மாடியில் அவள் இங்கிலீஷ்தான் இங்கிலீஷ் என்று பேர்.

புருஷன் சரத்குமாருக்கு முப்பத்தாறு வயது. கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவன், நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்குது என்று படகில் சாய்ந்து உட்கார்ந்தான். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காரியம் முடிகிற வரைக்கும் தேவிப்பிரியா அழுதாள். அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது எல்லாமே. அஞ்சு வயது துர்காவுக்குத் தலை வாரினாள், வேனில் ஏற்றி விட்டாள். ஒரு நாள் கொதிக்கிற பால் கையில் கொட்டியதை மாமியார் பச்சையம்மாள் கத்தின பிறகுதான் கவனித்தாள்.

வேலைக்குத் திரும்பிய இரண்டாவது வாரம் சூப்பர்வைசர் கலைவாணன் கூப்பிட்டார்.

“தேவி, தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து நாலு கஸ்டமர், மெஷின் பேசுதுன்னு நெனச்சு லைனைக் கட் பண்ணிட்டாங்க.”

“சரி சார்.”

“ஸ்பெயின்லருந்து வர்ற மெயிலுக்கு பதில் போட ஒரு டீம் வருது. பேசவே வேணாம், எழுதினாப் போதும். மூணு மாசம் ஸ்பானிஷ் கிளாஸ். உங்க பேரக் குடுக்கட்டுமா?”

“குடுங்க சார்.”

வேறு எதைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

வகுப்பில் எட்டு பேர். சொல்லிக்கொடுக்க வந்த கார்குழலி நெல்லித்தோப்புப் பெண். வகுப்பிலேயே சின்ன வயசு அவளுக்குத்தான். யோ என்றால் நான், தூ என்றால் நீ, உஸ்தெத் என்றால் நீங்கள் என்று போர்டில் எழுதிப் போட்டாள். புத்தகம் இங்கிலீஷ் பேசுகிறவர்களுக்காகப் போட்டது. வகுப்பும் இங்கிலீஷில்தான். அதனால் எல்லோரும் மனசுக்குள் ‘ஐ’ என்று சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் யோ போட்டுத் தொடங்கினார்கள். சக்கரபாணி என்ற சீனியர் ஒரே பக்கத்தில் பதினெட்டு யோ போட்டிருந்தார்.

“இங்கிலீஷ்ல ஐ இல்லாம வாக்கியமே நிக்காது. இங்க அப்படி இல்ல,” என்றாள் கார்குழலி. “நாம ‘வர்றேன்’னு சொன்னாப் போதாதா? நான்னு தனியா சொல்லணுமா? வினையோட வாலைப் பாத்தாலே யாருன்னு தெரிஞ்சுடும். யோவை எல்லாம் அடிச்சிடுங்க.”

தேவிப்பிரியாவின் தாளில் அடிக்க ஒரு யோ கூட இல்லை.

“சூப்பர்க்கா! மொத நாளே எப்படிக்கா?”

எப்படி என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் என்று எழுதத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் ‘நாங்கள்’ வந்தது. இந்த ஒரு பயிற்சிக்கு மட்டும் அந்தச் சொல்லை விடாமல் எழுத வேண்டும், அவரவர் வீட்டைப் பற்றி ஐந்து வாக்கியம் என்றாள் கார்குழலி. தேவிப்பிரியா ஐந்திலும் நோசோத்ரோஸ் என்று எழுதினாள். நாங்கள் பிள்ளைச்சாவடியில் இருக்கிறோம். நாங்கள் மீன் சாப்பிடுகிறோம். நாலாவது, நாங்கள் ஞாயிற்றுக்கிழமை கடலில் குளிக்கிறோம்.

கார்குழலி குனிந்து பார்த்தாள். “அக்கா, வீட்ல யார் யார் இருக்கீங்க?”

“மாமியார், பொண்ணு, நான்.”

“மூணு பேருமே லேடீஸா? அப்ப நோசோத்ராஸ்னு வரும்க்கா. ஆம்பள ஒருத்தர் இருந்தாக்கூட ரோஸ். யாரும் இல்லன்னா ராஸ்.”

சக்கரபாணி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கார்குழலியைத் தவிர அந்த அறையில் எல்லோருக்கும் விஷயம் தெரியும்.

தேவிப்பிரியா தாளையே பார்த்தாள். எழுதும்போது மூன்று பேரை நினைத்தாளா நாலு பேரையா என்று அவளுக்கே நிச்சயமில்லை. ஐந்து இடத்திலும் ரோஸை அடித்து ராஸ் ஆக்கினாள். நாலாவது வாக்கியத்தில் மட்டும் கொஞ்சம் நின்றாள். கடலில் குளித்து ரெண்டு மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது. வாக்கியம் பொய்தான். ஆனால் இலக்கணம் சரியாக இருந்தது, விட்டுவிட்டாள்.

வகுப்பு முடிந்ததும் கார்குழலி வாசல்வரை ஓடி வந்தாள். “அக்கா, எனக்குத் தெரியாதுக்கா. சக்கரபாணி சார் இப்பதான் சொன்னாரு. ஸாரிக்கா.”

“எதுக்கு மிஸ் ஸாரி? ரூல் அதானே. சரியாத்தான சொன்னீங்க.”

அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. தேவிப்பிரியா கைப்பையிலிருந்து கர்ச்சீப் எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல், ஆட்டோ வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தாள்.

வீட்டில் பச்சையம்மாள் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். “இன்னா படிச்ச இன்னிக்கி?”

“நாங்கன்னு எப்படிச் சொல்றதுன்னு, அத்தை.”

“அதுக்கு ஒரு படிப்பா?” என்று தண்ணீரை வெளியே வீசினாள் பச்சையம்மாள்.

மூன்று மாசம் முடிந்து தேவிப்பிரியா மெயில் டீமுக்குப் போனாள். ஒரு நாளைக்கு நாற்பது மெயில். மதியம் பன்னிரண்டுக்கு உட்கார்ந்தால் எழுந்திருப்பது சாயங்காலம். அவள் எழுதினதில் யாரும் குறை சொல்லவில்லை.

இரண்டாம் மாசம் வலென்சியாவிலிருந்து ஒருத்தன் எழுதினான். பதிவு எண்ணைக் கேட்டு அவள் போட்ட பதிலுக்குப் பதில் அது. எண் அவன் முதல் மெயிலின் முதல் வரியிலேயே இருந்தது, அவள்தான் கவனிக்கவில்லை. கடைசியில், ‘நோ சாபேஸ் லேஎர்?’ என்றிருந்தது. உனக்குப் படிக்கத் தெரியாதா? தூ என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. வினையின் வாலிலேயே அந்த ‘நீ’ ஒட்டிக்கொண்டிருந்தது.

தேவிப்பிரியாவுக்குக் காது சூடானது. கார்குழலிக்குப் போன் போட்டாள்.

“மிஸ், முன்னப் பின்னத் தெரியாதவன் என்னப் போய் ‘நீ’ங்கறான்.”

“அக்கா, ஸ்பெயின்ல இப்ப முக்கால்வாசிப் பேர் தூன்னுதான் பேசிக்குவாங்க. அது மரியாதக் குறைச்சல் இல்லக்கா.”

“அது போவட்டும். படிக்கத் தெரியாதாங்கறான் மிஸ். என்னப் பாத்து!”

“அது மரியாதக் குறைச்சல்தான்க்கா.”

மன்னிப்புக் கேட்டு, ரூமைச் சரி செய்து பதில் எழுதினாள் தேவிப்பிரியா. தேவையில்லாத இடத்திலெல்லாம் உஸ்தெத் போட்டு, ஒவ்வொரு வரியிலும் நீங்கள் நீங்கள் என்று எழுதி அனுப்பினாள். அனுப்பிய பிறகும் அவன் மெயிலைத் திறந்து திறந்து பார்த்தாள். இதற்கு முன்னால் கோபம் எப்போது வந்தது என்று யோசித்தாள், ஞாபகமில்லை.

பிள்ளைச்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதும் அது ஆறவில்லை. பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றபடியே மாமியாரிடம் முதலிலிருந்து சொன்னாள்.

பச்சையம்மாள் பாதியிலேயே எழுந்துவிட்டாள். “எவன்டி அவன்?”