பக்கத்தின் ஓரத்தில் என் கட்டைவிரல்

ஹைதராபாத்தில் நான் படித்த பல்கலைக்கழகத்தின் இணையக் காப்பகத்தில் ஒரு புத்தகம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். அதன் நடுவே ஒரு பக்கத்தின் கீழ் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் தெரியும். நகம் கோணலாக, நடுவில் மேடு தட்டி, அவ்வளவு அழகில்லாத விரல். ஸ்கேன் செய்தவரின் கவனக்குறைவு என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். கவனக்குறைவெல்லாம் ஒன்றுமில்லை. அது என் விரல்.

அந்த நகம் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் குழாயடியில் கோணிப்போனது. அப்பா ரயில்வேயில் கார்டு. அதனால் அம்மாவுக்கு அங்கே ‘கார்டு வீட்டம்மா’ என்றுதான் பெயர். மற்றவர்களும் அப்படித்தான், டிரைவர் வீட்டம்மா, ஃபிட்டர் வீட்டம்மா. சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. ஒருநாள் தண்ணீர் நிற்கப்போகிற அவசரத்தில் ஃபிட்டர் வீட்டம்மா தன் நிறைகுடத்தை என் கட்டைவிரல் மேல் இறக்கிவிட்டாள். நான் அலறினேன். சர்ச்சில் பாட்டுப் பாடும்போதுகூடக் குரல் உயராத அம்மா அன்று போட்ட சண்டைக்குப் பக்கத்து லைனிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். “யாருடி நீ, பேரைச் சொல்லு பாக்கலாம்” என்று அந்த அம்மாள் கத்த, அம்மா தன் முழுப் பெயரையும் தன் அப்பா பெயரோடு சேர்த்துத் தெருவே கேட்கச் சொன்னாள். மறுநாளிலிருந்து எல்லோரும் அவளைப் பெயர் சொல்லியே கூப்பிட்டார்கள், ஃபிட்டர் வீட்டம்மா உட்பட.

நான் எம்.ஃபில். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதும் அந்த குவார்ட்டர்ஸ் பெண்களைத்தான். அம்மாவையும் பேட்டி கண்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே பதில் சொன்னாள். பெயரில்லாமல் இத்தனை வருடம் எப்படி இருந்தாய் என்று கேட்டபோது, “பேரு கைக்கு? நக்கோ. சண்டை வந்தா தானா வெளிய வரும்” என்றாள். எதற்கு, வேண்டாம் என்று சொல்ல எங்கள் வீட்டில் தமிழோடு கலந்துவிட்ட ஊர்ச் சொற்கள் அவை. ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அந்த இரண்டு சொற்களை மட்டும் மொழிபெயர்க்க மனம் வராமல் அப்படியே ஆங்கில எழுத்தில் விட்டேன். கீழே அம்மாவின் முழுப் பெயரைப் போட்டேன்.

என் நெறியாளர் துறைத் தலைவர். தஞ்சாவூர்க்காரர். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அப்பா ரயில்வே என்பதால் அவருடைய சென்னைப் பயணங்களுக்கு அவசர ஒதுக்கீட்டில் டிக்கெட் வாங்கித் தருவது என் ஆராய்ச்சியின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஆய்வேட்டின் நன்றியுரையில் அவரைப் பற்றி நான் எழுதியிருந்தது போதாதென்று, இன்னும் இரண்டு வரிகளை அவரே சொல்லச் சொல்ல எழுதவைத்தார். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்பே அம்மா போய்விட்டாள். அடக்கத்துக்கு அவர் பெரிய மாலையோடு வந்தார். கல்லறையில் என் தலையைத் தொட்டு, “தைரியமா இரும்மா. அம்மா உன் தீசிஸ்ல இருப்பாங்க” என்றார். நல்ல மனிதர் என்று அன்று அழுதுகொண்டே நினைத்தேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

அடுத்து பிஎச்.டி.க்குப் பதிவு செய்தேன். ஒவ்வொரு அத்தியாயத்தையும் வாங்கி மேசையின் ஓரத்தில் வைப்பார். அது அங்கேயே இருக்கும். ஒருநாள் அவருடைய புத்தகம் வெளிவந்தது. குவார்ட்டர்ஸ் பெண்களைப் பற்றிய புத்தகம். குழாயடி இருந்தது. நசுங்கிய விரல் இருந்தது. ‘கைக்கு’ம் ‘நக்கோ’வும் அதே ஆங்கில எழுத்தில் இருந்தன. அம்மாவின் பெயர் மட்டும் இல்லை. ‘பெயர் வெளியிட விரும்பாத ஒரு ரயில்வே ஊழியரின் மனைவி, என்னோடு பேசியபோது’ என்று போட்டு, பேட்டி எடுத்த வருடத்தையும் அடிக்குறிப்பில் கொடுத்திருந்தார். அவர் ஆய்வு விடுப்பு எடுத்து வீட்டில் உட்கார்ந்திருந்த வருடம் அது. அந்த விடுப்புக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே, பேட்டிகள் எல்லாம் அதே வருடத்தில் நடந்ததாகிவிட்டன. அம்மா இறந்ததோ அதற்கு முந்தைய வருடம். தான் மாலை போட்டவளோடு மறுவருடம் உட்கார்ந்து பேசியிருக்கிறார் மனிதர்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார். “ஃபீல்டுல கெடைக்கிறது யாருக்கும் சொந்தம் இல்லம்மா. இதுக்கெல்லாம் எமோஷனல் ஆனா ரிசர்ச் உனக்குச் சரிப்படாது.” வெளியே வந்து குல்மோஹர் மரத்தடியில் நின்று பல்லைக் கடித்தேன். அதன் பிறகு அந்த வளாகத்துக்குள் மாணவியாக நான் போகவில்லை.

நகரத்தின் மறுபக்கத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். பட்டம் முடிக்காதவர்களுக்கும் வேலை கிடைத்தது. பேகம்பேட்டில் பழைய ஏடுகளை ஸ்கேன் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். பக்கத்தைப் படமெடுத்ததும் கணினி அதிலுள்ள எழுத்துகளைப் படித்துவைத்துக்கொள்ளும். பிறகு எந்தச் சொல்லைத் தட்டினாலும் அது இருக்கும் ஏடுகளெல்லாம் வந்து நிற்கும். படங்களைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுக்கிற பொறுப்புக்கு நான் உயர்ந்த சமயத்தில்தான் என் பல்கலைக்கழகத்தின் ஒப்பந்தம் எங்களிடம் வந்தது. என் பழைய நெறியாளர் ஓய்வுபெறப் போகிறார், அதற்குள் காப்பகத்தைத் திறந்துவிட வேண்டும் என்றார்கள். காப்பகக் குழுவின் தலைவரும் அவர்தான். ஓய்வுக்குப் பின் அதற்கே இயக்குநராக உட்கார ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது.

மேற்பார்வைக்கு அவரே எங்கள் அலுவலகம் வந்தார். என்னைக் கண்டதும் கூச்சமே இல்லாமல் சிரித்தார். “அட, நம்ம பொண்ணு! கம்ப்யூட்டர் லைனுக்கு வந்துட்டியா? நல்லதும்மா, நான் அப்பவே சொன்னேன்ல?” ஏடுகளின் முதுகை இயந்திரத்தில் வெட்டித் தாள்தாளாக ஸ்கேன் செய்வது எங்கள் வழக்கம். அதைப் பார்த்ததும் முகம் மாறி, “என் புத்தகத்தை மட்டும் வெட்டக் கூடாது, கையால பிடிச்சு எடுங்க” என்றார். எம்.ஃபில். ஏடுகளும் அதே வண்டியில் வந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. அவற்றை யார் படிக்கப்போகிறார்கள்? என் ஆய்வேட்டின் முதுகை நானே வெட்டினேன். அவருடைய புத்தகத்தை நானே கையால் பிடித்துப் பக்கம் பக்கமாக எடுத்தேன். அவ்வளவு சுத்தமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. ஓர் எழுத்துகூட மங்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

திறப்பு விழாவில் துணைவேந்தர், பேராசிரியர்கள், மாணவர்கள் என்று அரங்கம் நிறைந்திருந்தது. கணினியில் நான் உட்கார்ந்திருந்தேன். காப்பகத்தில் எப்படித் தேடுவது என்று காட்டும் நேரம் வந்தது. என் சொந்தத் துணிச்சலில் செய்திருப்பேனா என்று தெரியாது. ஒலிபெருக்கியில் அவரே சொன்னார்: “என் புத்தகத்துலேர்ந்தே ஏதாவது ஒரு அபூர்வமான வார்த்தை போடும்மா.”

நக்கோ என்று தட்டினேன்.

திரையில் இரண்டு ஏடுகள் வந்தன. காலவரிசைப்படி முதலில் என்னுடையது. திறந்தேன், அம்மா பேசிய பக்கம். முன்னால் போனேன், ‘மறைந்த என் அம்மாவுக்கு’ என்று சமர்ப்பணம், அவள் பெயர், இறந்த தேதி. பிறகு அவருடைய புத்தகத்தைத் திறந்து, அதே வாக்கியத்தையும் அடிக்குறிப்பிலிருந்த வருடத்தையும் பெரிதாக்கிக் காட்டினேன். துணைவேந்தர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். பின்வரிசையில் ஒரு மாணவி சிரித்துவிட்டாள். “டெக்னிகல் எரர், அடுத்ததுக்குப் போங்க” என்றார் நெறியாளர். நான் எழுந்து ஒலிபெருக்கியை வாங்கினேன். “எரர் இல்ல ஸார். பேரு வெளியிட விரும்பாதவங்கன்னு எழுதியிருக்கீங்களே, அவங்க பேரு இதுதான்” என்று அம்மாவின் முழுப் பெயரையும் அவள் அப்பா பெயரோடு சேர்த்து அரங்கமே கேட்கச் சொன்னேன்.

அவருக்கு இயக்குநர் பதவி கிடைக்கவில்லை. விசாரணை என்று ஒன்று நடந்து பாதியில் நின்றது. எனக்கு டாக்டர் பட்டமும் வரவில்லை. அவர் இப்போது சைனிக்புரியில் மகன் வீட்டில் இருக்கிறார். கண் சரியில்லை என்று சொல்கிறார்கள். போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் நடுங்கியது. “பேரன் இன்டர்நெட்ல என் பேரைத் தேடிப் பாக்குறாம்மா. அந்தக் கம்பெனியில உனக்குச் செல்வாக்கு இருக்குமே, அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துடக் கூடாதா?” மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் படிக்கிறவர்களுக்கு நிறைவாக இருக்கும். நான் மன்னிக்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டபோது காப்பி குடித்ததுபோல் உடம்புக்கு இதமாக இருந்தது.

“நக்கோ ஸார்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று மாலை அந்தப் பக்கத்தைத் திரையில் திறந்து பார்த்தேன். விரல் தெரிந்தால் மறுபடி படமெடுக்க வேண்டும் என்பது எங்கள் கம்பெனி விதி. சரிபார்த்தவள் நான்தான், ஒப்புதல் கொடுத்தவளும் நான்தான். அம்மா சொன்ன வாக்கியத்துக்கு நேர் கீழே, குழாயடியில் நசுங்கிய அதே கோணல் நகம் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பேரன் பெரிதாக்கிப் பார்க்கட்டும்.