கோலமாவு பூசிய காரில் மாமல்லபுரம், கல்பாக்கம்

அரையாண்டுத் தேர்வு விடுமுறையில், 2007 டிசம்பர் கடைசி சனிக்கிழமை, செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் வழியாகக் கல்பாக்கம் போனோம். ஊர் பார்க்கக் கிளம்பவில்லை. ஒரு காரின் சக்கரம் எங்கேயாவது உரசுகிறதா என்று பார்க்கத்தான் கிளம்பினோம். வழியில் ஊரையும் பார்த்தோம்.

என் அக்கா கவிதாவும் அவள் கணவர் பிரபு மாமாவும் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் இருக்கிறார்கள். தை மாதம் அக்காவுக்கு வளைகாப்பு. அது முடிந்த கையோடு அவளைப் பிரசவத்துக்குச் செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். தன்னுடைய காரில், தானே ஓட்டிக்கொண்டு வர வேண்டும் என்பது மாமாவின் ஆசை. கல்யாணத்தன்று அவர்கள் இருவரும் போனது வேறு யாருடைய காரிலோ. அது மாமாவுக்கு இன்னும் மனசில் இருக்கிறது.

இந்த நேரம் பார்த்து மாமா தன் சின்னக் காருக்கு அகலமான அலாய் சக்கரங்களை வாங்கி மாட்டிவிட்டார். டயரும் அதற்கேற்ற அகலம். அம்மா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்: "அந்த வண்டியில என் பொண்ணை ஏத்த மாட்டேன்."

சக்கரம் மாட்டிய வெள்ளிக்கிழமை மாலை நானும் மாமாவோடு செங்கல்பட்டுக் கடைக்குப் போயிருந்தேன். பள்ளி நூலகத்தில் மோட்டார் வாகனங்களைப் பற்றிய ஒரு தடிமனான புத்தகம் உண்டு. நான்தான் அதை இரண்டு முறை எடுத்திருக்கிறேன். சக்கரம் அகலமானால் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும் என்று அதில் படித்திருந்தேன்: உள்பக்கம் ஸ்பிரிங்கும் பிரேக் குழாயும், வெளிப்பக்கம் மட்கார்டின் விளிம்பு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது முன்சக்கரத்தின் மூலை. நான் குனிந்து குனிந்து பார்ப்பதைக் கடைக்காரர் கவனித்துவிட்டார்.

"இன்னா பாப்பா, வெயிகிள் இன்ஸ்பெக்டரா நீ? கையை வுட்டுப் பாரு, எங்கனா இடிக்குதா?"

விட்டுப் பார்த்தேன். டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே என் ஒரு விரல் தாராளமாகப் போனது. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தோம். எங்கும் தட்டவில்லை. "கல்லு மாதிரி கீது சார், தைரியமா எட்த்துனு போ," என்றார் அவர். கழற்றிய பழைய சக்கரங்களைக் கல்பாக்கம் போகும் கடை வண்டியில் அக்காவிடம் அனுப்பிவிட்டு, மாமா அன்றிரவு எங்கள் வீட்டிலேயே தங்கினார். சாப்பிடும்போது இந்த ஒரு விரல் கணக்கை அம்மாவிடம் விளக்கினார்.

அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள். "காலி வண்டியில பார்த்தீங்களா மாப்ளை?"

"ஆமாம் அத்தை."

"நம்ம வீட்டு வண்டி என்னிக்குக் காலியா போயிருக்கு?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருந்தேன். ஆள் ஏறினால் வண்டி தாழும், மட்கார்டு டயரை நெருங்கும். கடையில் எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

ஆள் ஏற்றிச் சோதிக்க ஒரு வழி மறுநாள் காலை தானாகக் கிடைத்தது. மார்கழி என்பதால் வாசல் முழுக்க அம்மாவின் கோலம். மாமா காரைத் திருப்பும்போது பின்சக்கரம் கோலத்தின் ஒரு மூலையில் ஏறிவிட்டது. அம்மா கத்தினாள். மாமா இறங்கி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் டயரில் ஒட்டியிருந்த வெள்ளையைப் பார்த்தேன். டயர் எதையாவது தொட்டால் இந்த வெள்ளை அங்கேயும் ஒட்டும் அல்லவா? உடனே உள்ளே ஓடி, அரிசிமாவைக் கெட்டியாகக் கரைத்து வந்து, நான்கு மட்கார்டுகளின் உள்விளிம்பிலும் பூசினேன். காய்ந்ததும் நான்கு வெள்ளைப் பட்டைகள். டயர் உரசினால் அந்த இடத்தில் மாவு அழிந்துவிடும். பொய் சொல்ல வழியில்லை.

"வாங்கி ரெண்டு வருஷம் கழிச்சு என் வண்டிக்குப் பூச்சூட்டலா?" என்றார் மாமா. ஆனால் அவர்தான் எனக்கு டார்ச் பிடித்தார்.

ஆறே முக்காலுக்குக் கிளம்பினோம். மாமா ஓட்ட, முன்னால் அப்பா, பின்னால் நானும் அம்மாவும். திருக்கழுக்குன்றம் 14 கிலோமீட்டர். வழியெல்லாம் நெல் வயல். மேலே கூட்டம் கூட்டமாகப் பறவைகள் தெற்கே போய்க்கொண்டிருந்தன. வேடந்தாங்கலுக்குத்தான் என்றார் அப்பா. திருக்கழுக்குன்றத்தில் குளத்தங்கரைச் சந்து குறுகல். அங்கே ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பிவிட்டு ஓரமாக நிறுத்தினோம். நான் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். நான்கு பட்டைகளும் அப்படியே இருந்தன. டீக்கடையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, பஞ்சரா?"

"இல்லீங்க. கோலம் அழிஞ்சிடுச்சான்னு பார்க்கிறோம்," என்றார் அப்பா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அங்கே இட்லி நன்றாக இருந்தது. நாலு பேருக்கு காபியோடு 62 ரூபாய். மலைக்கோயில் ஏற நினைப்பவர்கள் வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள். எங்களுக்கு அன்று நேரமில்லை.

அங்கிருந்து மாமல்லபுரம் 16 கிலோமீட்டர். எட்டே முக்காலுக்குச் சேர்ந்தோம். கார் நிறுத்த 15 ரூபாய், நுழைவுச்சீட்டு பெரியவர்களுக்குத் தலைக்குப் பத்து ரூபாய். என் வயதுக்குச் சீட்டு தேவையில்லை. அதே சீட்டில் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்க்கலாம். ஆகவே தொலைத்துவிடாதீர்கள். ரதங்களை நான் முன்பு பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருக்கிறேன். அப்போது கவனிக்காத ஒன்று அன்று கண்ணில் பட்டது. தேர் என்கிறோம், ஆனால் ஒன்றுக்கும் சக்கரம் இல்லை. மாமாவிடம் சொன்னேன்.

"கெட்டிக்காரங்க. எந்த மாமியாரும் எதுவும் சொல்ல முடியாது பாரு," என்றார்.

அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. ஆனால் சிரித்தாள். மறுபடி காரைப் பார்த்தபோதும் நான்கு பட்டைகளும் முழுசாக இருந்தன. மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இப்ப இன்னா சொல்றீங்க அத்தை?"

"அன்னிக்கு நாம நாலு பேர் இல்லையே. கவிதா இருப்பா. கலந்த சாதம் அஞ்சு பாத்திரம், சீர்த்தட்டு, அவ துணிமணி எல்லாம் இருக்கும். அதையும் ஏத்திப் பார்த்துட்டுச் சொல்றேன்."

மாமா வண்டியைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விட்டார். கல்பாக்கம் வரை 15 கிலோமீட்டர். இடப்பக்கம் சவுக்குத் தோப்பு, அதன் இடுக்கில் அவ்வப்போது கடல். சாலை அருமை. ஆனால் நேர்ச்சாலையில் உரசல் தெரியாது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் கடலோரம் ஒரு பழைய டச்சுக் கோட்டை இருக்கிறது. அமைதியான இடம், அரை மணி நேரம் போதும். டவுன்ஷிப்புக்குள் போக அங்கே தெரிந்தவர்கள் இருப்பது நல்லது.

அக்கா வீட்டு வாசலில் சோதனைக்கு ஆள் சேர்த்தோம். அக்காவை ஏற்றக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொன்னதால், அவள் இடத்தில் உட்காரப் பக்கத்து வீட்டு வசந்தா ஆன்ட்டி வந்தார். டிக்கியில் அரிசி மூட்டை, அக்கா வீட்டு கிரைண்டர், அதன் மேல் ஆன்ட்டி வீட்டு கிரைண்டர். அக்கா படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாவு பூசின வண்டியில கிரைண்டர் வேறயா?"

டவுன்ஷிப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை இருக்கிறது. மாமா மெதுவாகத்தான் ஏறினார். இறங்கும்போது எனக்கு நேர் கீழே 'கர்ர்க்' என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். பாட்டுப் போட்டிருந்தால் கேட்டிருக்காது. மாமா வண்டியை நிறுத்தினார். எல்லோரும் இறங்கினோம்.

பின்னால் இடது பக்கம், ஒரு கையகல நீளத்துக்கு மாவே இல்லை. டயரின் தோளில் வெள்ளைக் கோடு. மாமா கட்டை விரலால் அந்தக் கோட்டைத் துடைத்தார். அடியில் ரப்பர் மெல்லிசாகச் சீவப்பட்டிருந்தது. அது முதல் வேகத்தடை. அங்கிருந்து எங்கள் வீடு வரை எத்தனை வேகத்தடை என்று நான் எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"என் வெயிட்டாலதானே தம்பி? நான் வேணா இறங்கிக்கறேன், இன்னொரு தபா ஓட்டிப் பாரேன்," என்றார் வசந்தா ஆன்ட்டி.

"இல்லீங்க ஆன்ட்டி. நீங்க வந்ததுதான் நல்லது," என்றார் மாமா.

வீட்டு வாசலுக்குத் திரும்பியதும் மாமா கடைக்காரருக்குப் போன் செய்தார். விளிம்பை உள்பக்கமாகத் தட்டி மடக்கிவிட்டால் சரியாகிவிடும், உடனே வா என்றாராம். மாமா போனை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா பார்த்த உடனே புரிந்துகொண்டாள்.

"நீங்க ஓட்டுற வண்டியிலதான் நான் போவேன். வேற வண்டி வேணாம்," என்றாள். "சக்கரம் எதுவா இருந்தா எனக்கு இன்னா? பழசு நாலும் கட்டிலுக்கு அடியிலதான் கீது. நீங்க யாருக்காவது குடுக்கச் சொன்னீங்க, நான் குடுக்கல."

அன்று மதியம் மாமா பழைய சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தானே மாட்டினார். அப்பா நட்டுகளை எடுத்துக் கொடுத்தார். நான் மறுபடி மாவு பூசினேன். அதே ஆட்கள், அதே கிரைண்டர்கள், அதே வேகத்தடை. மாவு அசையவில்லை. அம்மா மாமாவுக்கு டீ கொண்டுவந்து கொடுத்து, "மாப்ளை, அன்னிக்கு வாடகை வண்டி பேச வேணாம்னு இவர்கிட்ட சொல்லிடறேன்," என்றாள். மாமா டீயைக் குடித்து முடிக்கும்வரை தலையை நிமிர்த்தவில்லை.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு: சுற்று மொத்தம் 80 கிலோமீட்டருக்குள்தான், ஒரு பகல் போதும். எங்களுக்குப் பெட்ரோல் 300 ரூபாய்க்குப் போட்டதில் மீதியும் இருந்தது. வெயில் ஏறுவதற்குள் மாமல்லபுரத்தை முடித்துவிடுங்கள். அகலச் சக்கரம் மாட்ட நினைப்பவர்கள் கடையில் விரல் விட்டுப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் வீட்டில் வழக்கமாக எத்தனை பேர் ஏறுவார்களோ அத்தனை பேரையும், தூக்கிப் போகும் சாமானையும் ஏற்றி, வேகத்தடையில் ஏற்றி இறக்கி, வளைவில் திருப்பிப் பாருங்கள். மாவைக் கெட்டியாகக் கரைத்துப் பூசி, நன்றாகக் காயவிடுங்கள். விளிம்பை மடக்குவதென்றால் அவசரமில்லாத நாளில் செய்யுங்கள், செய்த பிறகு மறுபடி மாவு பூசிப் பாருங்கள். மாமாவின் புதுச் சக்கரங்கள் இப்போது அக்கா வீட்டு பால்கனியில் இருக்கின்றன. அம்மா அவற்றின் மேல் தாம்பாளம் வைத்து வற்றல் காயவைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

தை மாதம் வளைகாப்பு முடிந்து கிளம்பினோம். பாத்திரம், தட்டு, பெட்டி எல்லாம் ஏற்றி, பின்னால் நடுவில் அக்கா. பள்ளிக்கூடத்து வேகத்தடை வந்ததும் யாரும் சொல்லாமலே எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். மாமா கண்ணாடியில் ஒரு முறை பின்னால் பார்த்துவிட்டு மெதுவாக ஏற்றி, மெதுவாக இறக்கினார்.

அக்காவின் கைகளில் கண்ணாடி வளையல்கள் மட்டும் குலுங்கின.