‘போதும்’ என்றால் கைதட்டல்

மரக்காணத்தில் வைஜெயந்தியின் கராத்தே வகுப்பில் சேரும் பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது குத்தும் இல்லை, உதையும் இல்லை. விழுவது. தாடையை நெஞ்சோடு ஒட்டி, தலை தரையில் படாமல், உள்ளங்கையால் பாயை அறைந்தபடி விழ வேண்டும். அது சரியாக வரும்வரை வேறு எதுவும் கிடையாது.

“ஏம்மா, விழறதுக்கா ஃபீஸ் கட்டறோம்? எம்புள்ள அத சும்மாவே நல்லா செய்வான்” என்று அப்பாக்கள் கிண்டல் செய்வார்கள்.

“சும்மா விழுந்தா மண்ட ஒடையுங்க. இங்க விழுந்தா ஒடையாது. அதுக்குத்தான் ஃபீஸ்” என்பார் வைஜெயந்தி. காலையெல்லாம் கொட்டகையில் உப்பு பாக்கெட் போடும் கை இடுப்பில் இருக்கும். முகத்தில் சிரிப்பு இருக்கும்.

இரண்டு பேர் மோதிப் பழகும்போது அவருக்கு ஒரு சட்டம் உண்டு. வலித்தாலோ பயமாக இருந்தாலோ கையைத் தூக்கி “போதும்” என்று சொல்லலாம். எதிரே நிற்பவர் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். சொன்ன பிள்ளைக்கு மற்ற எல்லோரும் கைதட்ட வேண்டும்.

இந்தச் சட்டம் அவருடைய வலது முழங்காலிலிருந்து வந்தது. இளம்வயதில் புதுச்சேரியில் துணிக்கடை வேலைக்குப் போனபோது அங்கேதான் கராத்தே பழகினார். முழங்கால் வீங்கிய நாளில் மாஸ்டர் “பல்லக் கடிச்சிக்கோ” என்றார். கடித்துக்கொண்டார். இன்றுவரை அவரால் காலை மடித்துத் தரையில் உட்கார முடியாது.

நம் ஊரில் வலியை மறைப்பவருக்குத்தான் மரியாதை. கால் வெடித்து ரத்தம் கசிய உப்பளத் தண்ணீரில் நிற்கும் பெண்ணைப் பொறுமைசாலி என்கிறோம். ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கித் தர மனம் வருவதில்லை. கராத்தே விழாக்களில் சின்னப் பிள்ளைகளின் கைமேல் பைக்கை ஏற்றிக் காட்டிவிட்டு, அதை வீரம் என்று மைக்கில் சொல்கிறோம். பார்த்துக் கைதட்டுகிறவர்களுக்கு வெட்கமே இல்லை. வைஜெயந்தி அதே கைதட்டலைத்தான் எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

வகுப்பு நடந்தது பங்குக் கோயிலின் கூடத்தில். சாவி வாங்கித் தந்தவர் பங்குப் பேரவையில் செல்வாக்குள்ள ஏசுராஜ்; உப்பு லாரிகள் வைத்திருக்கிறார். அவர் மகள் லிடியா ஒன்பதாம் வகுப்பு, வைஜெயந்தியிடம் பழகுகிறவள். போன வருஷம் மாவட்டப் போட்டியில் இறுதிச்சுற்றுக்கு வந்துவிட்டாள். அந்த ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டு மாடிப்படியில் கால் பிசகியது.

மரக்காணத்தில் எந்த வீக்கத்துக்கும் ஒரே மருந்து, உப்பு ஒத்தடம். அம்மா சூசைமேரி உப்பை வறுத்துத் துணியில் கட்டி, பாசத்தோடு நெடுநேரம் ஒத்தடம் கொடுத்தார். காலையில் கணுக்கால் பன் போல் உப்பியிருந்தது. “யார்ட்டயும் சொல்லாத. ஆடி முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்” என்றார் அப்பா.

ஆட்டத்தின் நடுவே லிடியா நின்றாள். கையைத் தூக்கினாள். “போதும்” என்றாள்.

அரங்கம் முழுக்க அமைதி. ஒரு மூலையிலிருந்து மட்டும் படபடவென்று கைதட்டல். மரக்காணம் பிள்ளைகள். அவர்களைவிடப் பலமாக வைஜெயந்தி.

அப்புறம் ஐஸ் பையோடு ஓடினார். “எப்படி ஆச்சு?”

“நேத்தே ஆச்சு டீச்சர். அம்மா உப்பு ஒத்தடம் குடுத்தாங்க.”

“ஐயோ, புதுச் சுளுக்குக்குச் சூடா? இன்னும் ஊதும்டி. மொதல்ல ஐஸ்தான் வெக்கணும்.”

பின்னாலேயே ஏசுராஜ் வந்தார். “தோத்த புள்ளைக்குக் கைதட்டறியே, மானத்த வாங்கறதுக்கா ஹால் குடுத்தேன்?”

“தோக்கல அண்ணா. நிறுத்திக்கிச்சி.”

“நாளையிலேர்ந்து ஹால் கெடையாது. இந்தக் கைதட்டற வேலைய வுட்டுட்டு வா, பாக்கலாம்.”

வகுப்பு நடத்த வேறு கூரை ஊரில் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். வைஜெயந்தி பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, லிடியாவின் காலில் பட்டித்துணி சுற்ற ஆரம்பித்தார்.

வகுப்பு கடற்கரை மணலுக்குப் போனது. மணலில் பாய் விரித்து விழலாம், காலை ஊன்றித் திரும்பினால் பாய் நழுவி முழங்கால் முறுக்கிக்கொள்ளும். அதனால் உதை பழக்குவதை நிறுத்திவிட்டார். பிள்ளைகள் குறைந்தார்கள். மழைக்காலம் நெருங்கியது, தொடங்கிவிட்டால் வகுப்பே இருக்காது. “ஒரு கைதட்டல்தானம்மா, வுட்டுக் குடுத்துடேன்” என்று அம்மாக்கள் கெஞ்சினார்கள்.

“அத வுட்டா, அப்புறம் நான் கத்துக்குடுக்கறது வெறும் அடிதடிங்க” என்றார் வைஜெயந்தி.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் தூறல் விழுந்துகொண்டிருக்கும்போது ஏசுராஜின் பைக் மணலோரம் வந்து நின்றது. பின்னால் லிடியா. கால் தேறியிருந்தது.

“இன்னாம்மா, உன் சட்டம் என் வூட்டுக்குள்ளயே வந்துடுச்சி” என்றார் ஏசுராஜ், பைக்கை விட்டு இறங்காமல்.

“என்ன ஆச்சுங்க?”

“நேத்து கோயில் கமிட்டிக்காரங்க வந்திருந்தாங்க. டீ, பஜ்ஜி, திரும்ப டீ. இன்னொரு ரவுண்டு போடுன்னேன். மேரி கரண்டியோட கையத் தூக்கி ‘போதும்’ங்கறா! இது ஓடியாந்து கைதட்டுது. கமிட்டிக்காரங்களும் சிரிச்சிகினே தட்டறாங்க.”

லிடியா அப்பாவின் முதுகுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டாள்.

“அப்புறம் டீ?” என்றார் வைஜெயந்தி.

“நாந்தான் போட்டேன். வேற யாரு போடுவா?” தூறலைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து கூடத்தின் சாவியை எடுத்து நீட்டினார். “பாயெல்லாம் நனையறதுக்குள்ள எடுத்துக்கினு போ. கைதட்டறத மட்டும் கொஞ்சம் மெதுவா தட்டச் சொல்லு.”

“மெதுவா தட்டினா, ‘போதும்’னு சொன்ன புள்ளைக்குக் கேக்காதே அண்ணா” என்றார் வைஜெயந்தி, சாவியை வாங்கியபடி.

ஏசுராஜ் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. “எதையாவது செய்” என்று சொல்லிவிட்டு, பைக்கை விட்டு இறங்கி, ஒரு பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்.