கோலாவுக்குப் பயந்த வீட்டில் இரண்டு கிளிகள்

கோலாக் கரடி பராமரிக்கும் வேலை என்றால் பாதி நேரம் அதன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. நாள் முழுக்க எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கும் பிராணி அது. அங்கே ரோமம் நனைந்து கறைபட்டிருக்கிறதா என்று தினமும் பார்ப்பது என் பொறுப்பு. கிளமிடியா என்ற நோய்க்கு அது ஓர் அடையாளம். ஆஸ்திரேலியாவில் காட்டுக் கோலாக்கள் பல அதனால் குருடாகின்றன, மலடாகின்றன. நான் வேலை செய்யும், ஜெர்மனியின் ரூர் பகுதி மிருகக்காட்சிச்சாலைக்கு வந்தவற்றைச் சோதித்துத்தான் எடுத்தார்கள், ஒன்றுக்கும் நோயில்லை.

இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்? வேலையைச் சொன்னதும் கைபேசியில் தட்டிப் பார்ப்பார்கள், பிறகு என் கையைப் பார்ப்பார்கள். வேலையின் பெயரைச் சொல்லி முகச்சுளிப்பு வாங்கிய எவருக்கும் என் துயரம் புரியும். எனக்கு இதனால் ஒரு பச்சைப்பிள்ளையைத் தூக்கவே கிடைக்காமல் போகப் பார்த்தது.

வாளியில் தண்ணீர்

தொழில் படித்த காலத்தில் என்னை முதலில் பறவைக் கூடத்தில்தான் விட்டார்கள். வீட்டில் கூட்டுவதுபோல நானும் சரசரவென்று உலர்ந்த தரையைக் கூட்டினேன். தலைமைப் பராமரிப்பாளர் ஹைக்கெ ஓடிவந்து துடைப்பத்தைப் பறித்தாள். முதலில் தண்ணீர் தெளிக்க வேண்டும், முகமூடி போட வேண்டும், பிறகுதான் கூட்ட வேண்டும். காய்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுத்தால் நுரையீரலில் நோய் வரலாம். அதைத் தரும் கிருமி கோலாவின் கிருமிக்குச் சொந்தக்காரனாம், கிளமிடியாக் குடும்பத்தின் இன்னொரு பிள்ளை.

எனக்கு ஆர்வம் தலைக்கேறிவிட்டது. பறவையுடையது மனிதருக்கு வருமென்றால் கோலாவுடையது ஏன் வருவதில்லை? ஆட்டுக்கும் ஒன்று இருக்கிறதா? அன்று அவள் பின்னாலேயே திரிந்து கேட்டேன். ஹைக்கெ சொன்னாள்: "ஆர்வம் நல்லதுதான் தர்சினி, முதலில் வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வா."

ஒரு காதலனின் கேள்வி

போன கோடையில் ஓர் இளைஞன் கோலாக் கண்ணாடியின் முன் நெடுநேரம் நின்றான். கூட வந்த பெண் கைகளைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். யூக்கலிப்டஸ் கொப்பு மாற்ற வந்த என்னை அவன் மறித்தான். ஆஸ்திரேலியாவில் ஒரு கோலாவைத் தூக்கிப் படம் எடுத்தானாம். இப்போது தனக்கு வந்திருக்கும் கிளமிடியா அதிலிருந்துதானே வந்திருக்கும் என்று கேட்டான்.

ஆர்வமாகக் கேட்பவரைக் கண்டால் என் வாய் நிற்காது. கோலாவைப் படுத்துவது ஒரு வகை, மனிதருக்குப் படுக்கையில் தொற்றுவது வேறு வகை, கோலாவிடமிருந்து ஒருவருக்கு அது வந்ததாக இதுவரை தெரியவில்லை என்று விலாவாரியாக விளக்கினேன். "ஆகவே கோலாவைப் பற்றிக் கவலையே வேண்டாம்" என்று முடித்தபோதுதான் அவன் முகம் செத்துப்போயிருப்பதைக் கவனித்தேன். அந்தப் பெண் என்னிடம் கை குலுக்கினாள். "மிக்க நன்றி. மிச்சத்தை நாங்கள் வீட்டில் பேசிக்கொள்கிறோம்."

லோட்டேயின் கண்

ஒரு காலை எங்கள் பெண் கோலா லோட்டேயின் கண் சிவந்திருந்தது. ஓடிப்போய் மருத்துவரை அழைத்தேன். மருத்துவர் பஞ்சால் தொட்டு மாதிரி எடுத்தார். முடிவு வரும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் இலைக் காம்பு கீறிய காயம்.

நோயாக இருந்திருந்தால் மருந்து கொடுத்திருக்கலாமே என்றேன். யூக்கலிப்டஸ் இலையில் நஞ்சுண்டு, அதைச் செரிக்க உதவுவது கோலாவின் குடலிலுள்ள நல்ல கிருமிகள், நோய்க்குக் கொடுக்கும் மருந்து அவற்றையும் கொன்றுவிடக்கூடும், பிறகு நோய் மாறியும் கோலா பட்டினியில் சாகலாம் என்றார். நான் விடாமல் மேலும் மேலும் கேட்டதும், "என் பரீட்சையில்கூட இவ்வளவு கேள்வி கேட்கவில்லை" என்றார்.

முப்பத்தோராம் நாள்

இந்த வருஷம் என் தங்கை சுஜிக்கு மகள் பிறந்தாள். வுப்பர்டாலில் மாமனார், மாமியோடு இருக்கிறாள். முப்பத்தோராம் நாள், பிள்ளைப்பேற்றுத் தீட்டுக் கழிக்கும் துடக்குக் கழிவுக்குப் போனேன். குளித்து, புது உடுப்புப் போட்டு, கையை நகம் தேயும்வரை கழுவிக்கொண்டு போய்ப் பிள்ளைக்குக் கை நீட்டினேன். மாமி நடுவில் வந்து நின்றா. வாட்ஸ்அப்பில் கோலாவின் நோய் பற்றி ஒரு வீடியோ பார்த்துவிட்டாவாம்.

நான் எல்லாம் விளக்கினேன். மாமி தலையாட்டித் தலையாட்டிக் கேட்டா. பின்னால் மாமா, தான் ஆசையாக வளர்க்கும் இரண்டு கிளிகளின் கூட்டைச் சுற்றித் தும்புத்தடியால் கூட்டிக்கொண்டிருந்தார். வெயிலில் தூசி பறந்தது. "மாமா, தண்ணி தெளிச்சுக் கூட்டுங்கோ" என்றேன். வீட்டைக் கூட்டவும் எனக்குப் படிப்பிக்கிறாள் என்று சிரித்தார். பிள்ளையைப் பத்தடி தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். ரயிலில் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது? வாசலில் மாமி சொன்னது இது: "குறை நினையாதையும் தர்சினி, நீர் சொல்லுறது எல்லாம் சரி, ஆனா பிள்ளை கொஞ்சம் வளரட்டும்."

இல்லையெண்டு சொன்னது

மூன்று கிழமை கழித்துச் சுஜி அழைத்தாள். "அக்கா, மாமாவை ஆஸ்பத்திரியிலை வைச்சிருக்கினம். நிமோனியாவாம். குடுக்கிற மருந்து ஒண்டும் கேக்குதில்லை." கிளி இருப்பதை டொக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். தனக்குத் தெரியாது என்றாள். அடுத்த ரயிலைப் பிடித்தேன்.

மாமா மூக்கில் குழாயோடு கிடந்தார். "டொக்டர் கேட்டவர், பிராணி ஏதும் இருக்கோ எண்டு. இல்லையெண்டு சொல்லிப்போட்டன்." வீட்டு ஒப்பந்தத்தில் பிராணி வளர்க்க ஏலாது என்று இருக்கிறதாம். அகதியாக வந்த காலத்தில், விசாரணை அறையில் வாயைக் குறைவாகத் திறந்தவன் தப்பினான் என்று கற்றுக்கொண்ட தலைமுறை அது. எனக்குக் கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்தன. "மாமா, இவர் அகதி அலுவலகத்து ஆள் இல்லை. உங்களுக்கு மூச்சு வாங்குது. நான் சொல்லட்டோ?" பிறகு தலையசைத்தார்.

டொக்டர் அன்றே மருந்தை மாற்றி, சளியைச் சோதனைக்கு அனுப்பினார். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. முடிவும் வந்தது: கிளியின் கிருமிதான், சுகாதார அலுவலகத்துக்கு அறிவிப்பார்களாம். செய்தி சொல்லப் போனேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது: "வீட்டுக்காரனுக்கும் கடிதம் போகுமோ பிள்ளை?"

வாசலில் மாமி

பிள்ளையைக் குழந்தை மருத்துவர் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கிளிகளுக்குப் பல கிழமை மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஞாயிறு டோர்ட்மண்டில் என் வீட்டு மணி அடித்தது. மாமி, சுஜி, இரண்டு பை, பிள்ளை. வேலையிலிருந்து அப்போதுதான் வந்தேன், உடுப்பில் யூக்கலிப்டஸ் வாசம், இன்னும் கை கழுவவில்லை என்று பின்வாங்கினேன். மாமி விடவில்லை. பிள்ளையை என் கையில் வைத்துவிட்டா. சின்ன விரல்கள் என் சட்டையைப் பற்றிக்கொண்டன. "கிளிக்கு மருந்து முடியுமட்டும் சுஜியும் பிள்ளையும் இஞ்சை இருக்கட்டும் தர்சினி, எங்களுக்குத் தெரிஞ்ச இடத்திலை உம்மடை வீடுதான் நோயில்லாத வீடு."

பத்து வருஷமாக நான் வாய் வலிக்க விளக்கியும் ஏறாத விஷயத்தை, ஒரு சொல்லும் பேசத் தெரியாத இரண்டு கிளிகள் ஒரே மாதத்தில் விளங்கப்படுத்திவிட்டன.