பெரிய கார்புரேட்டரும் நீடாமங்கலம் கேட்டும்

என் க்ரூஸர் பைக்குக்குப் பெரிய கார்புரேட்டர் மாட்டச் சொன்னது எங்கள் பைக் பிரியர்கள் வாட்ஸ்அப் குழு.

"நீங்க ஓட்டுறது நீடாமங்கலத்துல தம்பி. ரயில்வே கேட் போட்டா லேசுல திறக்க மாட்டான். நிக்கிற வண்டிக்குப் பெருசு பெட்ரோலை அதிகமா ஊத்தும். பழசே போதும்" என்றார் மெக்கானிக் பஷீர் பாய். நான் கேட்கவில்லை; அவரையே மாட்ட வைத்தேன்.

இன்று காலை ரயில்வே கேட்டில் எல்லோரும் இன்ஜினை அணைத்தார்கள். நான் மட்டும் கெத்தாகத் தடதடவென்று ஓடவிட்டு நின்றேன்.

கேட் திறந்த நொடியில், பெட்ரோலை மூக்குமுட்டக் குடித்திருந்த என் வண்டி இருமிவிட்டு அடங்கியது.

பின்னால் மொபெட்டில் உரமூட்டையோடு வந்த அக்கா, "ஹேண்டிலை நேரா பிடிங்க தம்பி, நான் தள்ளுறேன்" என்று மொபெட்டை ஓட்டியபடியே ஒரு காலால் என் வண்டியைத் தள்ளிப் பாயின் பட்டறை வரை கொண்டுவந்து விட்டார்.

பாய் பழைய கார்புரேட்டரைக் கழுவித் துடைத்துத் தயாராக வைத்திருந்தார்.

பெரிய கார்புரேட்டர் விற்பனைக்கு. ஒரே ஒரு ரயில்வே கேட் வரைதான் ஓடியிருக்கிறது. குழுவில் யாருக்கு வேண்டும்?