பந்தியில் போட்ட ஊசி

எனக்குச் சீனி வருத்தம் என்பது வீட்டுக்கும் கிளினிக்குக்கும் வெளியே ஒரு குஞ்சுக்கும் தெரியக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஊரைப் பொறுத்தவரை எனக்கு இருந்தது இரத்தக் குறைவு. போட்டது சத்து ஊசி. பொம்பிளைப் பிள்ளை, நாளைக்கு ஒருவன் பெண் கேட்டு வரவேண்டும் என்பதுதான் காரணம். என் உடம்பில் இன்சுலின் சுரக்காததற்கும் எங்கேயோ இருக்கும் அந்த ஒருவனுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அறைக் கதவைச் சாத்திவிட்டு அம்மாவே ஊசி போடுவார். இறக்கக்கண்டியிலிருந்து பஸ் ஏறித் திருகோணமலைக் கிளினிக்குக்குப் போனால் டொக்டர் என்னைப் பார்த்துக் கேட்பார், அம்மா பதில் சொல்லுவார்.

“பிள்ளைக்கு இரவில வேர்க்கிறதோ?”

“இல்லை டொக்டர், நல்லா நித்திரை கொள்ளுறா.”

வேர்த்து நனைந்து எழும்பிய நான் பக்கத்துக் கதிரையில் அலுமாரி மாதிரி இருப்பேன்.

விசேஷ வீடு என்றால் இன்னொரு கூத்து. அங்கே யாரும் பார்த்துவிடக் கூடாதென்று வீட்டிலேயே ஊசியைப் போட்டுவிட்டுத்தான் வெளிக்கிடுவோம். போட்டால் சுணங்காமல் சாப்பிட வேண்டும். எங்கள் ஆட்களின் எந்த விசேஷத்தில் சோறு நேரத்துக்கு வந்திருக்கிறது? எனக்குப் பதினைந்து வயதில் ஒரு கலியாண வீட்டில் தாலி கட்ட நேரம் பார்த்துப் பார்த்து, என் கை நடுங்கிக் கண் இருட்டிவிட்டது. அம்மா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போய் வாயில் இனிப்புச் சோடாவை ஊற்றினார். எட்டிப் பார்த்தவர்களிடம், “கண்ணூறு பட்டிட்டுது” என்றார். உயிர் போகிற நேரத்திலும் என்னை மறைக்கத்தான் பார்த்தார். அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் வாயைத் திறக்குமுன் நான் திறந்தேன்.

“அம்மா, நீங்கள் கொஞ்சம் வெளியில இருங்கோ. நான் கதைக்கிறன்.”

அம்மாவின் முகம் கறுத்தது. “சின்னப் பிள்ளை, அவவுக்கு என்ன தெரியும்?” என்று டொக்டரிடம் முறையிட்டார். டொக்டர், “அதைத்தான் கேக்கப் போறன்” என்றார். அம்மா எழும்பிப் போனார். வேர்வையை, நடுக்கத்தை, கிணற்றடியை எல்லாம் கொட்டினேன். சாப்பாட்டுக்கு ஏற்றபடி மருந்தை எப்படிக் கூட்டிக் குறைப்பது என்று டொக்டர் எனக்கே சொல்லித் தந்தார். அன்றிலிருந்து ஊசி என் கையில்.

பிறகு லிங்கநகரில் பெரியம்மா மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீடு வந்தது. வெளிக்கிடுமுன் அம்மா அறைக் கதவைச் சாத்தினார். நான் திறந்தேன்.

“சோறு வந்தாப் பிறகு அங்கதான் போடுவன்.”

“சபையிலயோ? உனக்கென்ன விசரோ? பிறகு ஆர் உன்னைக் கட்டுவான்?”

“இதைப் பார்த்துப் போட்டு ஓடுறவன் ஓடட்டும்.”

பந்தலில் இலை போட்டார்கள். சோற்று வாளி எங்கள் வரிசைக்கு வந்தது. நான் ஊசியை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்தார்.

“சேலையில இடுப்புத் தெரியலாம், ஊசி தெரியக்கூடாதோ?” என்றேன். கையை விடுவித்து, வயிற்றில் குத்தி, மருந்தை இறக்கினேன். எதிர் வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் நிமிர்ந்து இருந்தேன்.

அப்போதுதான் வாசலில் இருந்து பெரியம்மா கத்தினார். “பந்தியை நிப்பாட்டுங்கோ! மாமன் ஆக்கள் இன்னும் வரேல்லை!” தாய்மாமன் வீட்டார் வராமல் சோறு போட்டால் அது பெரிய மரியாதைக் குறைவு. வாளி திரும்பிப் போனது. என் இலை வெறுமையாக இருந்தது. மருந்து உள்ளே போய்விட்டது.

அம்மா இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எழும்பினார்.

“அக்கா, வாளியைக் கொண்டாங்கோ.”

“கொஞ்சம் பொறடி. என்ன ஊசி அது, சத்து ஊசியோ?”

பந்தலே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

“இன்சுலின்,” என்றார் அம்மா. “என்ர பிள்ளைக்குச் சீனி வருத்தம். மாமன் எப்பவெண்டாலும் வரட்டும். இவளுக்கு இப்ப சோறு வேணும்.”