விலை பார்த்து வாங்கிய ஒயின்

போன ஞாயிறு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பழனியின் மளிகைக் கடையில் புளி வாங்கிக்கொண்டிருந்தேன். ஏற்காடு சுற்றிப் பார்க்க வந்த ஒரு புது ஜோடி உள்ளே நுழைந்தது.

"வீட்லயே போடற ஒயின் இங்க கிடைக்குமாமே... விலையும் கம்மியா, குடிக்கவும் நல்லா... எது வாங்கலாம்?"

பழனி என்னைக் கை காட்டினான். "அவரைக் கேளுங்க. இந்த மலையில இருக்கற அத்தனை பாட்டலையும் மோந்து பாத்த மூக்குங்க அது!"

மூணாம் கிளாஸோடு என்னைத் துரத்திவிட்ட வாத்தியார் இதைக் கேட்டிருக்க வேண்டும். நான்கூட ஒரு விஷயத்தில் நிபுணன்!

எப்படி ஆனேன்? என் வீட்டுக்காரி சரசுவால்தான்.

போன வருஷ மழைக்காலத்தில் அவள் படுத்துவிட்டாள். சேலத்து டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, என்னிடம் சொன்னார் — "வாய்க்குப் பிடிச்சதை எல்லாம் குடுங்க."

பத்தியம் சொல்லாத டாக்டர்! அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே புரிந்தது.

"டாக்டரு என்னங்க சொன்னாரு?" பஸ்ஸில் கேட்டாள்.

"பசி எடுக்கோணுமாமா. புடிச்சதைச் சாப்பிடச் சொன்னாரு."

எஸ்டேட் பங்களாவில் பல வருஷம் பாத்திரம் கழுவியவள் அவள். யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஏனுங்க... விருந்து முடிஞ்சு கண்ணாடி டம்ளர் கழுவறப்ப ஒரு வாசம் வரும். அந்த ஒயினைக் குடிச்சுப் பாக்கோணுங்க. சோத்தோட தினமும் ஒரு வாய். ஆனா கட்டுபடியாகறதா வாங்குங்க. வருசம் பூரா வாங்கோணுமில்ல?"

வருசம் பூரா...

வாட்ச்சை விற்றாவது உசத்தியாக வாங்கிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் முடியுமா? கத்தரிக்காய்க்கே கடையை இரண்டாக்கும் கஞ்சன் நான். உசத்தி பாட்டிலோடு வீட்டுக்குள் நுழைந்தால், அந்த நிமிஷமே அவளுக்கு விஷயம் புரிந்துவிடாதா?

அதனால் மளிகைக் கடை மளிகைக் கடையாக அலைந்தேன். அடிவாரத்தில் கிடைத்தது பீட்ரூட் தண்ணி. குப்பனூர் ரோட்டில் கிடைத்தது ஊறுகாய் போடத்தான் ஆகும். கடைசியில் பழனி கடையில் — பழைய ஸ்குவாஷ் பாட்டிலில், மூடியில் மெழுகு ஊற்றிய திராட்சை ஒயின். விலை கம்மி. வாசம்? சரசு மோந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். பங்களா வாசமேதான்!

"எத்தனைக்குங்க வாங்குனீங்க?"

சொன்னேன்.

"அட, ஏமாறாம வந்துட்டீங்களே!"

சிரித்தாள். எவர்சில்வர் டம்ளரில் ஒரு வாய் குடித்துவிட்டு எனக்கும் நீட்டினாள். அன்றைக்கு ரெண்டு கவளம் சோறு கூடுதலாக இறங்கியது. அதிலிருந்து பாட்டில் தீரத் தீர ஓடினேன். பழனியிடம் பேரம் பேசினேன். வீட்டுக்கு வந்து பெருமை அடித்தேன்.

தை பிறந்த சமயம். துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாயில் படுத்தபடியே கூப்பிட்டாள்.

"ஏனுங்க... இந்த வாட்டி வெல பாக்காதீங்க. நொம்ப நல்லதா ஒண்ணு வாங்கியாங்க."

வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். எத்தனை நாளாகத் தெரியும் அவளுக்கு?

சேலம் வரைக்கும் போய் வாங்கி வந்தேன். அந்த பாட்டிலை இன்னும் திறக்கவில்லை.

கடையில் அந்தப் பெண் பொறுமையாகக் காத்திருந்தாள். "விலை ஜாஸ்தியானதுதான் நல்லா இருக்குமோ?"

"மெழுகு வெச்சிருக்கறதை எடுத்துக்க கண்ணு. அவஞ் சொல்ற வெலைக்கு வாங்காத... நல்லா அடிச்சுப் பேசு!"

பழனி முறைத்தான்.

முறைக்கட்டும். வருஷம் பூரா வாங்கப் போகிறவர்கள்தானே பேரம் பேசுவார்கள்?